அயோடின் உப்பு: உப்பளத்திலிருந்து அடுப்படி வரை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இந்தியாவில் சமையலுக்கென்று விற்கும் உப்பில் அயோடின் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆனால் 2018-19ஆம் ஆண்டின் தேசிய அயோடின் கணக்கெடுப்பின்படி, போதிய அளவு அயோடின் உள்ள உப்பு நாட்டில் 76.3 சதவீத வீடுகளில்தான் இருந்தது. தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். மாநிலங்களில் இதுவே மிகக் குறைவு. உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பதும் தமிழ்நாடுதான். உப்பு விளையும் ஊரின் அடுப்படியிலேயே அயோடின் குறைவாக இருப்பது ஏன், அதைச் சரிசெய்ய யார் என்ன செய்யலாம் என்பவற்றைச் சுற்றியே இங்குள்ள கேள்விகள் அமைந்திருக்கின்றன.

உப்பில் அயோடின் எதற்கு?

கழுத்தின் முன்பகுதியில் இருக்கும் தைராய்டு சுரப்பி, தன் ஹார்மோன்களை அயோடின் இல்லாமல் உண்டாக்க முடியாது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிக்கு 250. எழுபது ஆண்டு வாழ்பவருக்கு ஆயுள் முழுவதும் தேவைப்படுவது 4 கிராமுக்கும் குறைவு. ஆனால் அதை மொத்தமாக உண்டு சேர்த்துவைக்க உடலால் முடியாது. அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அயோடின் குறைவு என்றதும் கழுத்தில் புடைக்கும் கழலைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கண்ணுக்குத் தெரிவதால் அது பேசப்படுகிறது. பெரிய சேதம் கருவில் நடக்கிறது. கருவிலிருக்கும் குழந்தையின் தைராய்டு போதுமான அளவு வேலைசெய்யத் தொடங்க ஏறக்குறைய 16 முதல் 20 வாரம் ஆகும். அதுவரை அதன் மூளை வளர்வது தாயின் ஹார்மோனை நம்பித்தான். அந்த நாட்களில் தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், பிறவி மூளைக் குறைபாடு, காது கேளாமை ஆகியவை நேரலாம். ஓரளவு குறைந்தாலும் குழந்தையின் கற்கும் திறன் சற்றுக் குறையும். பள்ளியில் பாடம் ஏறாத பிள்ளைக்கு அதுதான் காரணம் என்று பின்னாளில் எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது.

நாங்கள் கடற்கரைக்காரர்கள். கடல் உப்பிலும் மீனிலும் அயோடின் இல்லையா?

இந்தக் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 50 முதல் 60 மைக்ரோகிராம் அயோடின் இருக்கிறது. அதே லிட்டரிலிருந்து கிடைக்கும் சமையல் உப்பு 27 கிராம் அளவு. நீரிலிருந்த அயோடின் முழுவதும் உப்போடு வந்தால்கூட, ஒரு கிராமுக்கு 2 மைக்ரோகிராம் அளவுதான் தேறும். அதாவது 2 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்பதே பி.பி.எம்.; ஒரு கிலோவில் இத்தனை மில்லிகிராம் என்று எடுத்துக்கொள்ளலாம்.) சட்டம் கேட்பது குறைந்தது 15 பி.பி.எம். உண்மையில் அந்த 2கூட வராது. பாத்தியில் உப்பு படியும்போது அயோடினில் பெரும்பகுதி, கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும்.

கடல் மீனில் அயோடின் உண்டு. பாலிலும் முட்டையிலும் கொஞ்சம் உண்டு. ஆனால் தினமும் கடல் மீன் எல்லார் தட்டுக்கும் வருவதில்லை. கடற்கரை மாவட்டங்களிலும் கழலை உண்டு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அயோடின் குறைவு இமயமலை அடிவாரத்துக்கு மட்டுமே உரியது என்ற பழைய எண்ணத்தை மருத்துவ உலகம் எப்போதோ கைவிட்டுவிட்டது.

இந்துப்பு, இளஞ்சிவப்பு மலை உப்பு, "இயற்கை" உப்பு?

தனியாகச் சேர்க்காவிட்டால் இவற்றில் போதிய அயோடின் கிடையாது. வேறு தாதுக்கள் இருப்பதாகச் சொல்லப்படுவது அயோடினுக்கு ஈடாகாது. வீட்டில் கர்ப்பிணியோ கர்ப்பம் தரிக்க இருப்பவரோ இருந்தால், இவற்றை அன்றாட உப்பாக ஆக்கிக்கொள்ளாதீர்கள்.

மாத்திரை கொடுக்கலாமே, உப்பை ஏன் பிடித்தார்கள்?

ஏழை, பணக்காரர், நகரம், கிராமம் எதுவானாலும் எல்லார் வீட்டிலும் அன்றாடம் ஏறக்குறைய ஒரே அளவில் செலவாகும் பொருள் உப்பு. விலை குறைந்தது என்பதற்காக யாரும் இரண்டு மடங்கு உண்பதில்லை. அது விளையும் இடங்களும் குறைவு. சில கடற்கரைகளிலும் உப்பேரிகளிலும் கண்காணித்தால் நாடு முழுவதையும் எட்டிவிடலாம். சுவிட்சர்லாந்து 1922லும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1924லும் இந்த வழியைத் தொடங்கின.

இந்தியாவுக்கு ஆதாரம் தந்தது காங்ரா பள்ளத்தாக்கு. இன்றைய இமாசலப் பிரதேசத்தில் இருக்கும் அந்தப் பகுதியில், 1956இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் உடன் பணியாற்றியவர்களும் ஊர்களை மூன்று மண்டலங்களாகப் பிரித்தார்கள். ஒன்றுக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு, இன்னொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு (இரண்டுமே அயோடின் உள்ள சேர்மங்கள்), நடுவிலிருந்த மண்டலத்துக்கு வெறும் உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் கிடைத்த இரண்டு மண்டலங்களிலும் பள்ளிப் பிள்ளைகளின் கழலை தெளிவாகக் குறைந்தது. நடு மண்டலத்தில் அப்படியே இருந்தது. பிறகு அங்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள், அங்கும் குறைந்தது. 1962இல் தேசிய கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது.

சட்டம் எப்போது வந்தது? இடையில் நீக்கினார்கள் என்கிறார்களே?

முதல் இருபது ஆண்டுகள் அரசு சார்ந்த சில ஆலைகள் மட்டுமே அயோடின் கலந்தன. தேவை எங்கோ இருந்தது, உற்பத்தி எங்கோ இருந்தது. 1983இல் தனியாருக்கும் வழி திறந்த பிறகே உற்பத்தி வேகமெடுத்தது. 1992இல் திட்டத்தின் பெயர் அயோடின் குறைபாட்டு நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று மாறியது. 1998 மே மாதம், அயோடின் இல்லாத உப்பை நேரடி மனித உணவுக்காக விற்க மத்திய அரசு தடை விதித்தது. 2000 செப்டம்பரில் அந்தத் தடை நீக்கப்பட்டது. 2006 மே 17 முதல் மறுபடியும் வந்தது.

நீக்கிய காலத்தில் என்ன ஆனது என்பதைக் கொள்கை வகுப்பவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் 1998-99இல் 49 சதவீதம். 2002-03இல் அது 30 ஆகச் சரிந்தது. 2005-06இல் 51, 2009இல் 71. விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் இந்தக் காலம் முழுவதும் ஒட்டப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. தடை நீங்கியதும் வீடுகளில் அயோடின் உப்பு குறைந்தது, தடை திரும்பியதும் ஏறியது.

2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம், உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் இருந்த அந்த விதி செல்லாது என்றது. வெறும் உப்பு கலப்படப் பொருளோ நஞ்சோ அல்ல, எனவே கலப்படத்தைத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டு அதன் விற்பனையைத் தடுக்க முடியாது என்பது காரணம். உடனடியாக நிறுத்தாமல், புதிய சட்டத்தின் கீழ் விதியைக் கொண்டுவர ஆறு மாத அவகாசமும் கொடுத்தது. இப்போது தடை நிற்பது உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிமுறையில்.

என் சமையலில் எந்த உப்பு என்று அரசு தீர்மானிப்பது சரியா?

வேதாரண்யத்தில் உப்பு அள்ளியதற்காகச் சிறை சென்ற தலைமுறையின் நாட்டில் இந்தக் கேள்வி எழுவது நியாயம்தான். இருந்தும் கட்டாயமே சரி என்று நாங்கள் கருதுகிறோம். அதற்கு முதன்மையான காரணம் ஒன்று. அயோடின் மிக அவசியமாக இருக்கும் வாரங்களில், தான் கர்ப்பமாக இருப்பதே பல பெண்களுக்குத் தெரியாது. தெரிந்த பின் உப்பை மாற்றுவது காலம் கடந்த செயல். பாதிக்கப்படும் குழந்தைக்கோ தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடையாது. மறுபக்கம், கட்டாயத்தால் உண்பவர் இழப்பது எதுவும் இல்லை: நிறம், சுவை, மணம் எதுவும் மாறாது. ஒரு கிலோ உப்புக்குச் சேர்க்கும் பொட்டாசியம் அயோடேட் 50 மில்லிகிராம் அளவுதான். செலவு பைசாக் கணக்கு.

சிறு உப்பளக்காரர்களுக்கு இது சுமை என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அதற்குத் தீர்வு பொதுவான கலப்பு நிலையங்கள், கூட்டுறவு மூலம் அயோடேட் வழங்கல், கரைசல் தயாரிப்பதில் பயிற்சி. தடையைத் தளர்த்துவது தீர்வாகாது.

உப்பில் எவ்வளவு அயோடின் இருக்க வேண்டும்?

நீண்ட காலம் விதி இப்படி இருந்தது: உற்பத்தியில் குறைந்தது 30 பி.பி.எம்., நுகர்வோர் கைக்கு வரும்போது குறைந்தது 15. உணவில் சத்துச் சேர்ப்பது பற்றிய 2018இன் செறிவூட்டல் விதிமுறைகள் உற்பத்தி இடத்தில் 20 முதல் 30 வரை, சில்லறைக் கடை உட்பட விநியோகத்தில் 15 முதல் 30 வரை என்று வரையறுக்கின்றன.

ஆலையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் ஐந்தில் ஒரு பங்கும், சமைக்கும்போது இன்னொரு ஐந்தில் ஒரு பங்கும் இழப்பாகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 30இல் கிளம்பினால் வீட்டில் 24, தட்டில் 19. இந்தியாவில் ஒருவர் நாளொன்றுக்கு உண்பது 8 கிராம் அளவு. ஆக 150 மைக்ரோகிராமைத் தொட்டுவிடுகிறோம். 20இல் கிளம்பினால் வீட்டில் 16, தட்டில் 13. கிடைப்பது 100 மைக்ரோகிராம் சொச்சம். இரண்டும் சட்டப்படி சரியான உப்புதான். எனவே 20ஐத் தொட்டால் போதும் என்று இருக்கும் ஆலை சட்டத்தை நிறைவேற்றுகிறது, ஆனால் கர்ப்பிணியின் தேவையைத் தொலைவில் விட்டுவிடுகிறது. வரம்பின் மேற்பகுதியைக் குறிவைத்துக் கலப்பதே நல்ல நடைமுறை.

உப்பளத்தில் எப்படிக் கலக்கிறார்கள்? எங்கே தவறுகிறது?

பாத்தியில் வாரிய உப்பை முதலில் கழுவ வேண்டும். நல்ல தண்ணீரில் கழுவினால் உப்பே கரைந்துபோகும் என்பதால், ஏற்கெனவே உப்பு செறிந்த நீரில் கழுவுவார்கள். மண்ணோடு மெக்னீசியம் குளோரைடும் நீங்குவது முக்கியம். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து உப்பைக் கசிய வைப்பது அதுதான். பிறகு நீரை வடித்து, உலர்த்தி, அரைத்து, சலித்து, நகரும் பட்டையில் சீராக ஓடவிடுவார்கள். மேலே இருக்கும் தெளிப்பான்கள் அயோடேட் கரைசலைப் பனிபோல் தூவும். அங்கிருந்து திருகு உருளைக்குள் விழும் உப்பு, அதில் புரண்டு கலந்து சாக்குக்குப் போகும்.

கலப்பது அயோடைடு அல்ல, அயோடேட். ஈரமும் கசடும் உள்ள நம் ஊர் உப்பில் அயோடைடு விரைவில் ஆவியாகி இழப்பாகும். அயோடேட் நீடித்து நிற்கும்.

அளவைப் பார்ப்போம். பொட்டாசியம் அயோடேட்டின் எடையில் 59.3 சதவீதம் அயோடின். ஒரு டன் உப்புக்கு 30 கிராம் அயோடின் வேண்டுமென்றால் 50.6 கிராம் அயோடேட். மணிக்கு 5 டன் ஓடும் பட்டைக்கு 253 கிராம். 3 சதவீதக் கரைசல் (லிட்டருக்கு 30 கிராம்) வைத்திருந்தால் மணிக்கு 8.4 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 140 மில்லிலிட்டர் போக வேண்டும். ஓர் அளவுக் குவளையும் கடிகாரமும் இருந்தால் தெளிப்பானின் ஓட்டத்தைக் காலையில் ஐந்தே நிமிடத்தில் சரிபார்க்கலாம். பல இடங்களில் அதுகூட நடப்பதில்லை.

வழக்கமாக நேரும் தவறுகள்: தெளிப்பான் துளைகளில் ஒன்று உப்புப் படிந்து அடைத்துக்கொள்கிறது, பட்டையின் ஒரு பக்கத்து உப்பு வெறுமையாகப் போகிறது. பட்டையின் வேகத்தைக் கூட்டுகிறார்கள், கரைசலின் ஓட்டத்தைக் கூட்ட மறக்கிறார்கள். தூள் முழுவதும் கரையும் முன் தொட்டியைத் திறந்துவிடுகிறார்கள். இவை எல்லாவற்றையும்விடக் கெடுதலானது ஈரமான உப்பில் தெளிப்பது. குவியலிலும் சாக்கிலும் ஈரம் கீழே இறங்கும்போது அயோடேட்டையும் கூட்டிக்கொண்டு இறங்கும். மேலே அள்ளினால் 5 பி.பி.எம்., அடியில் அள்ளினால் 60 இருக்கும்.

முதுகில் மாட்டும் மருந்துத் தெளிப்பானால் குவியலின் மேல் அடித்து மண்வெட்டியால் புரட்டும் முறை இன்னும் இருக்கிறது. அதில் சீராகக் கலக்க வழியே இல்லை. சராசரி 30 என்று பதிவேட்டில் எழுதியிருந்தாலும், 8 பி.பி.எம். பொட்டலம் போய்ச் சேரும் வீட்டுக்கு அந்தச் சராசரியால் பயன் எதுவும் இல்லை. மணிக்கொரு முறை மாதிரி எடுத்து, ஒவ்வொன்றின் எண்ணையும் தனித்தனியாக எழுதுவதுதான் பதிவேடு.

கல்லுப்பில் அயோடின் இருக்குமா?

தமிழ்நாட்டின் பின்தங்கிய நிலைக்குப் பெரும்பங்கு விடை இங்கேதான் இருக்கிறது.

அயோடேட் உப்பின் மேற்பரப்பில்தான் ஒட்டுகிறது, கல்லின் உள்ளே புகுவதில்லை. ஒரு கிலோ பொடி உப்போடு ஒப்பிட்டால் ஒரு கிலோ கல்லுப்பின் மொத்த மேற்பரப்பு மிகக் குறைவு. ஒட்ட இடமும் குறைவு, ஒட்டியது வழிந்துபோவதும் எளிது. கழுவாத கல்லுப்பில் மெக்னீசியம் குளோரைடு அதிகம். ஐப்பசி மழைக்காலத்து ஈரக்காற்றில் அது கசியத் தொடங்கும், சாக்கின் வழியே சொட்டும், சொட்டுவது அயோடின். அதோடு, கல்லுப்பு பெரும்பாலும் திறந்த சாக்கில், தள்ளுவண்டியில், படிக்கணக்கில் விற்பது. வெயிலுக்கும் காற்றுக்கும் தடுப்பே இல்லை.

வணிகக் காரணமும் உண்டு. அயோடின் இல்லாத உப்பை ரசாயனத் தொழில், தோல் பதனிடல், மீன் பதப்படுத்தல், கால்நடைத் தீவனம் போன்றவற்றுக்கு உரிய லேபிளோடு விற்கலாம். அந்தப் பெயரில் உப்பளத்தை விட்டுக் கிளம்பும் உப்பு வழியில் மளிகைக் கடைக்குத் திரும்பிவிடுகிறது. ரயிலில் வெளிமாநிலம் போகும் அயோடின் உப்பை ஏற்றும் முன் சோதிக்கும் ஏற்பாடு நீண்ட காலமாக இருந்துவந்தது. தூத்துக்குடியிலிருந்து பக்கத்து மாவட்டத்துக்கு லாரியில் போகும் உப்பு அப்படி எந்தச் சோதனைச் சாவடியையும் கடப்பதில்லை. தொலைவிலிருந்து உப்பு வாங்கும் ஜம்மு காஷ்மீரில் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் போதிய அயோடின் இருக்க, உப்பு விளையும் ஊரில் இல்லாமல் போவதற்கு இதுவும் காரணம்.

கல்லுப்பைக் கைவிட வேண்டிய அவசியமில்லை. கழுவி, உலர்த்தி, முறையாகத் தெளித்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்த அயோடின் கல்லுப்பு கிடைக்கிறது. உறையில் அயோடின் சேர்த்தது என்ற குறிப்பு, சிரிக்கும் சூரியன் முத்திரை, உரிம எண், தயாரித்த நாள் ஆகியவற்றைப் பாருங்கள். வீட்டில் கல்லுப்பை அலசித் தண்ணீரைக் கொட்டும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள்; மேலே ஒட்டியிருக்கும் அயோடேட் முதல் அலசலிலேயே போய்விடும். மண் இருக்குமோ என்று தோன்றினால், உப்பைக் கரைத்து வடிகட்டி, அந்தக் கரைசலையே குழம்புக்கு ஊற்றுங்கள். அயோடேட் அதில் அப்படியே இருக்கும்.

வீட்டில் எப்படி வைத்திருப்பது?

மூடியுள்ள ஜாடி அல்லது கண்ணாடிப் புட்டி, அடுப்பை விட்டுத் தள்ளி, உலர்ந்த கரண்டி. இரண்டு மாதத்துக்கு மேல் வாங்கிக் குவிக்க வேண்டாம். சமையலின் கடைசியில் உப்புப் போட முடிகிற பதார்த்தங்களில் அப்படிப் போட்டால் இழப்பு இன்னும் குறையும். முடியாவிட்டாலும் கவலை வேண்டாம், சமையல் இழப்பையும் சேர்த்துத்தான் அளவே நிர்ணயித்திருக்கிறார்கள்.

உப்பில் அயோடின் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

அங்கன்வாடி, பள்ளி, கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கு வழங்கப்படும் சிறு சோதனைப் பெட்டியில் இரண்டு குப்பிகள் இருக்கும். உப்பைச் சிறு கிண்ணத்தில் நிரப்பிச் சமப்படுத்தி, சோதனைக் கரைசலைக் குலுக்கி அதன்மேல் சொட்டாக விட வேண்டும். ஊதா நீலம் தோன்றினால் அயோடின் உண்டு. நிற அட்டையோடு ஒப்பிடலாம். ஒரு நிமிடம் ஆகியும் நிறம் வராவிட்டால், புதிய உப்பு எடுத்து மறுசோதனைக் கரைசலில் ஐந்து சொட்டு வரை விட்டு, அதே இடத்தில் சோதனைக் கரைசலை இரண்டு சொட்டு விட வேண்டும். காரத்தன்மை உள்ள உப்பில் முதல் சோதனை பொய்த்துவிடும் என்பதால்தான் இந்த இரண்டாம் படி. இதைச் செய்யாமலே "அயோடின் இல்லை" என்று எழுதிவிடுவது களத்தில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

இந்தப் பெட்டி, உப்பில் அயோடின் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க மட்டும்தான். 12ஐயும் 18ஐயும் பிரித்துச் சொல்ல அதனால் ஆகாது. உருளைக்கிழங்கும் எலுமிச்சைச் சாறும் வைத்துச் செய்யும் வீட்டுச் சோதனையில் நிறம் வராததை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

சரியான எண் வேண்டுமென்றால் டைட்ரேஷன், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செலவானது என்பதைக் கொண்டு கணக்கிடும் முறை. கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யக்கூடியது. கல்லுப்பானால் அரைக் கிலோவை அரைத்து நன்கு கலந்த பின்பே மாதிரி எடுக்க வேண்டும். 10 கிராம் உப்பை 50 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, 2 நார்மல் கந்தக அமிலம் 1 மில்லிலிட்டர், 10 சதவீதப் பொட்டாசியம் அயோடைடு 5 மில்லிலிட்டர் சேர்த்து, மூடி இருட்டில் 10 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு 0.005 நார்மல் சோடியம் தயோசல்ஃபேட்டை வெளிர் மஞ்சள் வரும்வரை சொட்டாக விட்டு, அப்போது ஸ்டார்ச் சேர்த்து, ஊதா நிறம் மறையும்வரை தொடர வேண்டும். செலவான தயோசல்ஃபேட் மில்லிலிட்டரை 10.58ஆல் பெருக்கினால் பி.பி.எம். ஸ்டார்ச்சை முன்கூட்டியே சேர்த்தால் நிறம் தங்கிவிட்டு எண் கூடும். பழைய தயோசல்ஃபேட் வலுவிழந்திருக்கும். அதுவும் எண்ணைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். அயோடின் குறையாதா?

நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்ற அறிவுரையும் எல்லா உப்பிலும் அயோடின் என்ற கொள்கையும் ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2014 வழிகாட்டுதல், மக்கள் 10 கிராம் உண்டால் 20 பி.பி.எம்., 5 கிராம் உண்டால் 39 பி.பி.எம். என்று அளவை மாற்றச் சொல்கிறது. ஊர் மொத்தமும் உப்பைக் குறைக்கும் நாளில் அரசு செறிவை உயர்த்த வேண்டும்; நீங்கள் அயோடினுக்காக உப்பைக் கூட்ட வேண்டியதில்லை. சோடியம் குறைத்த உப்பு வாங்கினால் அதிலும் அயோடின் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

தைராய்டு நோயாளி அயோடின் உப்பை விட வேண்டுமா?

பெரும்பாலானவர்கள் விட வேண்டியதில்லை. தைராக்சின் மாத்திரை எடுப்பவர்களும் வழக்கமான உப்பையே பயன்படுத்தலாம். கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கோ ஸ்கேனுக்கோ முன்பு மட்டும் மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்கு அயோடின் குறைந்த உணவு சொல்வார். அது முடிந்ததும் பழைய உப்புக்குத் திரும்பலாம்.

இரட்டைச் செறிவூட்டிய உப்பு என்றால் என்ன?

அயோடினோடு இரும்பும் சேர்த்த உப்பு. இரும்பின் அளவு 850 முதல் 1,100 பி.பி.எம். வரை. இரும்பும் அயோடினும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று கெடுக்கும். அயோடின் ஆவியாகும், உப்பு பழுப்பேறும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இரும்புச் சல்ஃபேட்டோடு ஒரு நிலைநிறுத்தியைச் சேர்த்து இதைத் தீர்த்தது. இன்னொரு முறையில் இரும்புத் துகளுக்கு மேலுறை போட்டு அயோடினிலிருந்து பிரித்துவைக்கிறார்கள். தமிழ்நாட்டில் ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம் நடத்தும் அரசின் உப்பு நிறுவனம் இவ்வகை உப்பைத் தயாரிக்கிறது; சத்துணவுக்கும் போகிறது, 2014 முதல் பொதுவிற்பனைக்கும் வந்தது.

அயோடினைப் போல இது உறுதியான வெற்றி அல்ல. பிகாரில் கிராமக் கடைகளில் மலிவாக விற்றுப் பார்த்த ஆய்வில், வாங்கியவர்கள் குறைவு, ஊரளவில் இரத்தசோகையும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பள்ளிச் சமையல் போல எல்லாருக்கும் தவறாமல் சேரும் இடத்தில்தான் இதற்குப் பயன் அதிகம். சமையலில் கரும்புள்ளி தெரிந்தால் அது இரும்பு. சமையற்காரருக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால் கெட்ட உப்பு என்று கொட்டிவிடுவார்.

செறிவூட்டிய அரிசியும் இதே மாதிரிதானா?

நோக்கம் ஒன்று, வேலை வேறு. அரிசிமாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து அரிசி வடிவில் அச்சிட்ட மணிகளை 100க்கு 1 என்ற விகிதத்தில் சாதாரண அரிசியில் கலக்கிறார்கள். சிலர் சந்தேகிப்பதுபோல் அந்த மணிகள் பிளாஸ்டிக் அல்ல. 2021இல் அறிவிக்கப்பட்ட திட்டம் இது. உப்பு சில கடற்கரைகளில் விளைகிறது. நெல் அரைக்கும் ஆலைகளோ ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு ஆலையிலும் கலப்பு விகிதம் சரியாக இருக்க வேண்டும் என்பதால் கண்காணிப்பு பல மடங்கு கடினம்.

ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும்?

அயோடின் உப்பில் ஊறுகாய் கெடாது, நிறம் மாறாது. பதப்படுத்தலுக்கு அயோடின் இல்லாத உப்பை லேபிளோடு விற்க விதி இடம் தருகிறது, அந்தச் சாக்கு வீட்டுக்கும் ஹோட்டல் அடுப்படிக்கும் வராமல் இருக்க வேண்டும்.

கடையில் அயோடின் இல்லாத உப்பைச் சமையலுக்கு விற்கிறார்கள். என்ன செய்யலாம்?

மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரும், வட்டார அளவில் உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும் இருக்கிறார்கள். கடையின் பெயர், உறையின் படம், தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், வாங்கிய நாள் ஆகியவற்றோடு எழுத்தில் புகார் கொடுங்கள். உறையே இல்லாத சாக்கு உப்பானால் அதையும் எழுதுங்கள், அதுவே தனிக் குறைபாடு.

அதிகாரி மாதிரி எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்குபவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். வாங்கும்போதே, சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும், துறை நடவடிக்கை எடுக்கும். தரமற்ற உணவுக்கு 5 லட்சம் ரூபாய் வரையும், தவறான லேபிளுக்கு 3 லட்சம் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

கடைக்காரரோடு நின்றுவிடும் நடவடிக்கையால் பயன் குறைவு. புகாரில் தொகுதி எண்ணும் தயாரிப்பாளர் முகவரியும் இருந்தால் விசாரணை உப்பளம்வரை போக முடியும். ஒரே தயாரிப்பாளரின் உப்பு மூன்று நான்கு கடைகளில் தவறியிருந்தால், அவற்றைத் தனித்தனியாகக் கொடுக்காமல் ஒரே புகாரில் சேர்த்துக் கொடுங்கள்.